யமுனைப் பாலமும் தீராத கணக்கும்

ஆற்றைக் கடப்பவன் கூலி கொடுப்பது உலகத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. ஓடம் விட்டவனுக்கு ஓடக்கூலி கொடுத்தார்கள். பாலம் வந்த பிறகு பாலத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தவனுக்குச் சுங்கம் கொடுத்தார்கள். அரசனுக்கு உரிய பொருள்களை எண்ணிச் சொல்ல வந்த வள்ளுவரும் 'உல்கு' என்ற சுங்கப் பொருளை விட்டுவிடவில்லை. ஆயினும், 1070ஆம் ஆண்டில் பட்டமேறிய முதற் குலோத்துங்கனைத் தமிழ் மக்கள் இன்றும் நினைப்பது அவன் வாங்கிய சுங்கத்துக்காக அன்று. 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயருக்காகவே. சுங்கம் வாங்குவது ஆள்வோரின் உரிமை. அதை எந்நாளில் நிறுத்த வேண்டும் என்று அறிவது ஆள்வோரின் பெருமை.

டில்லியையும் உத்தரப் பிரதேசத்தையும் இணைக்கும் ஒரு பாலத்தில் இந்தக் கேள்வியே பதினைந்து ஆண்டுக்கு மேல் நின்றது. டில்லி நோய்டா நேர்வழி என்பது அதன் பெயர். டி.என்.டி. என்று மூன்றெழுத்தில் சொன்னால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். நம்மவர்களில் மயூர் விஹாரிலும் நோய்டாவிலும் குடியிருப்போர் அலுவலகத்துக்கும், ராமகிருஷ்ணபுரத்து மலைமந்திருக்கும், உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்கும் கடந்து செல்லும் வழி அது. தினந்தோறும் கால் பதிக்கும் வழியின் கதையை அறிந்திருப்பது நன்று என்பதால் இக்கட்டுரையை எழுதலானோம்.

படகுப் பாலமும் இரும்புப் பாலமும்

டில்லியில் யமுனைக்கு முதலில் இருந்தது படகுப் பாலம். படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை பரப்பி, அதன்மீது மனிதரும் மாடும் வண்டியும் சென்றன. அதற்கும் சுங்கம் உண்டு. 1857ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி காலையில் மீரட்டிலிருந்து புரட்சிச் சிப்பாய்கள் டில்லிக்குள் நுழைந்தது அந்தப் படகுப் பாலத்தின் வழியாகத்தான். அன்று கீழ்க்கரையிலிருந்த சுங்கச்சாவடி தீக்கிரையாயிற்று. செங்கோட்டையிலிருந்தவர்கள் கண்ட முதல் அடையாளங்களுள் அந்தப் புகையும் ஒன்று. மக்கள் கோபம் முதலில் எந்தக் கட்டடத்தின்மீது பாய்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அதன்பின் வந்தது இரயில்வேக்காரர்களான நமக்குச் சொந்தமென்று சொல்லிக்கொள்ளத்தக்க பழைய இரும்புப் பாலம். கிழக்கிந்திய இரயில்வே கம்பெனி 1866ல் அதைக் கட்டி முடித்தது. மேல்தட்டில் வண்டி ஓடும். கீழ்த்தட்டில் சாலை செல்லும். முதலில் ஒற்றைத் தண்டவாளமாக இருந்தது 1913ல் இரட்டையாயிற்று. யமுனையில் வெள்ளம் வரும்போதெல்லாம் டில்லி நகரமே அந்தப் பாலத்தின் அளவுகோலைத்தான் பார்க்கிறது. 205.33 மீட்டர் என்பது அபாய அளவு. 1978ஆம் ஆண்டு வெள்ளத்தில் நீர் 207.49 மீட்டர் ஏறியது. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அதையும் கடந்து 208.66 மீட்டரைத் தொட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு கட்டியவர்களின் கைத்திறனுக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஒரு நகரம் முளைத்தது

1976ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உத்தரப் பிரதேச சர்க்கார் யமுனையின் கீழ்க்கரையில் ஒரு புதுத் தொழில் நகரை அமைக்க ஓர் ஆணையத்தை நிறுவியது. நியூ ஓக்லா தொழில் வளர்ச்சி ஆணையம் என்ற நீண்ட பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் பிறந்த சொல்லே 'நோய்டா'. ஆணையத்தின் பெயரே ஊரின் பெயராகிவிட்டது.

நகரம் வளர்ந்தது, தொழிற்சாலைகள் வந்தன, குடியிருப்புகள் எழுந்தன. உத்தியோகமோ பெரும்பாலோருக்கு டில்லியில். இடையில் ஆறு. தென் டில்லியிலிருந்து நோய்டாவுக்குச் செல்ல வேண்டுமானால் வடக்கே நிஜாமுதீன் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அல்லது தெற்கே ஓக்லா தடுப்பணையின்மீது நெரிசலில் ஊர்ந்து செல்ல வேண்டும். கண்ணுக்கெதிரே தெரியும் கரைக்குப் போகக் காலைப் பொழுதே கழிந்துவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்வழி வேண்டுமென்ற கோரிக்கை நியாயமானதே.

தனியார் கட்டிய பாலம்

பாலம் கட்டப் பணம் வேண்டும். நாட்டின் பொருளாதாரக் கொள்கை மாறிய காலம் அது. சர்க்கார் கஜானாவில் பணமில்லை, தனியார் கட்டட்டும், கட்டியவர்கள் சுங்கம் வாங்கிச் செலவை எடுத்துக்கொள்ளட்டும் என்ற புதிய முறை அப்பொழுதுதான் இந்தியாவில் பேசப்படலாயிற்று. 1992ல் டில்லி நிர்வாகம், நோய்டா ஆணையம், ஐ.எல். அண்டு எப்.எஸ். என்ற நிதி நிறுவனம் ஆகியவற்றுக்கிடையே ஓர் உடன்படிக்கைக் குறிப்பு கையெழுத்தாயிற்று. 1996ல் இப்பணிக்கென்றே நோய்டா டோல் பிரிட்ஜ் கம்பெனி தொடங்கப்பட்டது. 1997ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி உரிமை ஒப்பந்தம் எழுதப்பட்டது. கட்டுவதும் உடைமை கொள்வதும் நடத்துவதும் கம்பெனியைச் சேரும். காலம் முடிந்தபின் நோய்டா ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். காலம் முப்பது ஆண்டு.

வேலை சுறுசுறுப்பாக நடந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நம் நாட்டில் பாலமென்றால் அடிக்கல் நாட்டியவரின் பேரன் திறந்து வைப்பது வழக்கம். இதுவோ குறித்த காலத்துக்கு முன்பே முடிந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் வாகனங்கள் ஓடத் தொடங்கின. எட்டுத் தடங்கள், நீளம் 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மகாராணி பாகிலிருந்து புறப்பட்டால் சில நிமிஷங்களில் நோய்டா. 2008ல் மயூர் விஹாருக்கு ஒரு கிளையும் இணைக்கப்பட்டது. கட்டுமானத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 408 கோடி ரூபாய்.

பாலம் நன்றாகவே இருந்தது. கோளாறு பாலத்தில் இல்லை, பத்திரத்தில் இருந்தது.

நூறு ரூபாய்க் கணக்கு

ஒப்பந்தத்தின் உயிர்நிலை ஒரு சூத்திரம். கம்பெனிக்கு மொத்தச் செலவின்மீது ஆண்டுதோறும் நூற்றுக்கு இருபது வீதம் வருமானம் உறுதி செய்யப்பட்டிருந்தது. ஏதேனும் ஓராண்டில் அந்த இருபது கிடைக்காவிட்டால், குறைந்த தொகை மொத்தச் செலவோடு சேர்க்கப்படும். பெரும் பராமரிப்புச் செலவும் அதனோடு சேரும். அடுத்த ஆண்டு இந்தப் பெருத்த தொகையின்மீது மறுபடியும் இருபது வீதம். முப்பதாண்டில் முழுவதும் திரும்பாவிடில் காலத்தை நீட்டிக்கவும் இடம் வைத்திருந்தார்கள்.

இரயில்வேயில் பேரேடு பார்த்துப் பிழைக்கும் நமக்கு இந்தச் சூத்திரத்தைக் கோடிகளில் காண்பதைவிட நூறு ரூபாயில் போட்டுப் பார்ப்பது எளிது. வாசக அன்பர்களும் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

செலவு 100 ரூபாய் என்று வைப்போம். முதலாண்டில் சேரவேண்டிய வருமானம் 20 ரூபாய். பராமரிப்புப் போகச் சுங்கத்தில் மிஞ்சியது 10 ரூபாய். குறை 10. ஆக மொத்தச் செலவு இப்பொழுது 110. இரண்டாம் ஆண்டு சேரவேண்டியது 22, வசூல் சற்று உயர்ந்து 11 மிஞ்சுகிறது, குறை 11, மொத்தம் 121. மூன்றாம் ஆண்டு சேரவேண்டியது 24 ரூபாய் 20 காசு, மிஞ்சியது 12, குறை 12 ரூபாய் 20 காசு, மொத்தம் 133 ரூபாய் 20 காசு. மூன்றாண்டுகளில் 33 ரூபாய் கொடுத்தாயிற்று; கடனோ நூறிலிருந்து நூற்று முப்பத்து மூன்றாக ஏறிவிட்டது.

இதே வசூலை நூற்றுக்கு எட்டு வீதத்தில் போட்டுப் பாருங்கள். முதலாண்டு முடிவில் கடன் 98 ரூபாய். இரண்டாம் ஆண்டு 94 ரூபாய் 84 காசு. மூன்றாம் ஆண்டு 90 ரூபாய் 43 காசு. கொடுத்த பணம் ஒன்றே. ஒன்றில் கடன் இறங்குகிறது; மற்றொன்றில் ஏறுகிறது. முன்னதில் பாலம் ஒருநாள் நமதாகும். பின்னதில் நமது பேரனும் சாவடியில் நின்று சில்லறை எண்ண வேண்டியதுதான்.

இது கற்பனைக் கணக்குத்தான். ஆனால் நடந்ததும் இதே போக்கில்தான். திறந்த புதிதில் எதிர்பார்த்த அளவு வாகனங்கள் வரவில்லை. குறை குறையோடு சேர்ந்தது. வாகனங்கள் பெருகிய பின்னும், ஏட்டில் எழுதிய மொத்தச் செலவு 408 கோடியைப் போலப் பல மடங்காக வளர்ந்துகொண்டே போயிற்று. கிராமத்தில் லேவாதேவிக்காரனிடம் பத்திரம் எழுதிக்கொடுத்த குடியானவன் வட்டி கட்டிக்கொண்டே இருப்பான். முதல் அப்படியே நிற்கும். இங்கே முதல் நிற்கவும் இல்லை, வளர்ந்தது.

மறுபக்கமும் பார்ப்போம்

கம்பெனியின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்வது முறையாகாது. இம்மாதிரித் திட்டத்துக்கு நாட்டில் முன்மாதிரி அரிது. வாகனம் வருமா வராதா என்பது எவருக்கும் தெரியாது. அக்காலத்தில் வட்டி விகிதமும் இன்று உள்ளதைவிட மிகுதி. துணிந்து முதல் போட்டவனுக்குத் துணிவுக்கேற்ற ஊதியம் வேண்டும். இல்லையேல் நாளை எவனும் பாலம் கட்ட வரமாட்டான். மேலும், சர்க்காரே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பின்னால் செல்லாதென்றால் ஒப்பந்தம் என்ற சொல்லுக்கு மதிப்பேது? இவ்வாதங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

ஆனால் துணிவுக்கு ஊதியம் கேட்பவன் நஷ்டத்துக்கும் துணிய வேண்டுமல்லவா? வாகனம் குறைந்தாலும் கூடினாலும் இருபது வீதம் நிச்சயம் என்றால், அங்கே துணிந்தவர் யார்? கம்பெனியா, காலையில் பாலம் கடக்கும் குமாஸ்தாவா?

குடியிருப்போர் வழக்கு

2012ல் நோய்டாவின் குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பு அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. கூட்டமைப்பில் இருந்தவர்கள் பெரிய மனிதர்கள் அல்லர். தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று மனுக் கொடுக்கும் சாதாரணச் சங்கத்தார். அவர்களுடைய கேள்வியும் சாதாரணமானதே: கட்டிய செலவு வந்துவிட்டதா, இல்லையா?

நான்காண்டு விசாரணைக்குப் பின், 2016ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி, தீபாவளி வாரத்தில், தீர்ப்பு வந்தது. கம்பெனியின் சொந்தக் கணக்கிலிருந்தே நீதிமன்றம் எடுத்துக் காட்டியது: 2014ஆம் ஆண்டு மார்ச்சு இறுதிவரை சுங்க வசூல் சுமார் 810 கோடி, நடத்தும் செலவும் வரியும் போக மிச்சம் சுமார் 578 கோடி. கட்டிய செலவைவிட மிச்சமே மிகுதி. இனி உபயோகிப்போரிடம் கட்டணம் வாங்கலாகாது என்று நீதிபதிகள் உத்தரவிட்டனர். சாவடியின் தடைக்கோல்கள் உயர்ந்தன.

அன்று கார் ஒன்றுக்கு ஒருவழிக் கட்டணம் 28 ரூபாய். போக வர 56. மாதத்தில் 25 நாள் முழுக் கட்டணம் செலுத்தியவருக்கு 1,400 ரூபாய், ஆண்டுக்கு 16,800. இரண்டு குழந்தைகளின் புத்தகமும் சீருடையும் அதில் அடங்கும். அல்லது சொந்த ஊருக்குக் குடும்பத்தோடு போய்வர இரயில் கட்டணமாகும். நடுத்தரக் குடும்பத்தில் இந்தத் தொகை எந்தப் பெட்டியிலிருந்து எடுக்கப்படுகிறது என்பது இல்லத்தரசிகளுக்குத் தெரியும்.

கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. மேல்நீதிமன்றம் உத்தரவுக்குத் தடை விதிக்கவில்லை; தலைமைக் கணக்குத் தணிக்கையாளரைக் கணக்குகளைப் பார்க்கச் சொன்னது. இதற்கிடையில் 2018ல் ஒரு பெரிய இடி. மூல நிறுவனமான ஐ.எல். அண்டு எப்.எஸ்., 90,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கடனோடு தவணை கட்ட முடியாமல் சாய்ந்தது. அக்டோபர் மாதத்தில் மத்திய சர்க்கார் அதன் நிர்வாகக் குழுவை நீக்கிப் புதுக் குழுவை அமர்த்தியது.

இறுதித் தீர்ப்பு 2024ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி வெளியாயிற்று. நீதிபதிகள் சூரிய காந்த், உஜ்ஜல் புயான் ஆகியோர் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தனர். அவர்கள் கூறியவற்றுள் மூன்று செய்திகள் நம்மைப் போன்றவர்கள் நினைவில் வைக்கத்தக்கவை. முதலாவது, இந்தப் பணி போட்டி டெண்டர் எதுவும் கோராமல் கொடுக்கப்பட்டது. சமத்துவம் பேசும் அரசியல் சட்டத்துக்கு அது பொருந்தாது. இரண்டாவது, கட்டணம் விதிக்கும் அதிகாரத்தைத் தனியாரிடம் ஒப்படைத்ததில் நோய்டா ஆணையம் தன் வரம்பைக் கடந்தது. மூன்றாவது, செலவும் போதிய லாபமும் கம்பெனிக்கு வந்துவிட்டன. என்றும் முடியாதபடி அமைந்த சூத்திரத்தைக் காட்டி மேலும் வசூலிக்க நியாயமில்லை.

வாசகர்கள் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். சரக்கு வண்டி, வாடகை வண்டி முதலியவை டில்லி எல்லைக்குள் நுழையும்போது மாநகராட்சிக்குச் செலுத்தும் கட்டணம் வேறு விவகாரம். இத்தீர்ப்பு பாலக் கட்டணத்தை மட்டுமே பற்றியது.

இலவசம் என்ற சொல்

பாலம் இப்பொழுது இலவசம் என்கிறோம். அச்சொல்லையும் சற்று நிதானித்துச் சொல்ல வேண்டும். தார் தேயும், விளக்கு அணையும், இணைப்புகள் தளரும், ஆண்டுதோறும் ஆறு பெருகித் தூணை அரிக்கும். இவற்றைச் சீர் செய்ய எவரேனும் பணம் கொடுத்தாக வேண்டும். கடப்பவன் கொடுக்காவிட்டால் கடக்காதவனும் சேர்ந்து வரியாகக் கொடுக்கிறான். பாலத்தையே பார்த்திராத ஒரு கிராமத்தான் காரில் போகிறவனுக்காகக் கொடுப்பது எந்த நியாயம் என்று கேட்டால் அதுவும் நல்ல கேள்விதான். ஆகவே சுங்கமே கூடாது என்பது நம் கட்சி அன்று. சுங்கத்துக்கு அளவு வேண்டும், முடிவு வேண்டும், அந்த அளவும் முடிவும் கொடுப்பவனுக்கு விளங்கும்படி எழுதப்பட வேண்டும் என்பதே நம் கட்சி.

இரயில் டிக்கெட்டில் ஊர், தூரம், கட்டணம் எல்லாம் அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்துப் பிரயாணி தர்க்கம் செய்யலாம். அதுபோல ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் ஒரு பலகை இருக்கட்டும்: கட்ட ஆனது இவ்வளவு, இதுவரை வசூல் இவ்வளவு, பராமரிப்பு இவ்வளவு, மிச்சமிருப்பது இவ்வளவு, முடியும் நாள் இது. பலகை எழுத ஆகும் செலவு அற்பம். அந்தப் பலகை 2001 முதல் யமுனைக் கரையில் நின்றிருந்தால் ஆண்டுதோறும் ஏறும் எண்ணைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பையனும் கேள்வி கேட்டிருப்பான். வழக்கு 2012 வரை காத்திருக்க நேர்ந்திராது.

வேற்றூரில் பிழைக்க வந்த நாம் பொதுவாக வாயடக்கி வாழ்வோம். "நமக்கேன் வம்பு, கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவோம்" என்பது நம் சுபாவம். வழக்குத் தொடுத்த கூட்டமைப்பில் பல மாகாணத்தாரும் அண்டை வீட்டாராகச் சேர்ந்திருந்த குடியிருப்புகள் உண்டு. குடியிருப்போர் கூட்டம் என்று சீட்டு வந்தால் நம்மில் எத்தனை பேர் செல்கிறோம்? ஹிந்தியில் பேசுவார்கள், நமக்குப் பேசத் தெரியாது என்று ஒதுங்குகிறோம். கணக்குக்கு மொழி இல்லை. நூறு ரூபாய்க் கணக்கைத் தமிழில் போட்டாலும் ஹிந்தியில் போட்டாலும் விடை ஒன்றே.

ஆகவே, அடுக்குமாடிச் சங்கத்தின் பராமரிப்புச் சந்தாவாயினும், சீட்டுக் கம்பெனியின் பத்திரமாயினும், வங்கியின் வீட்டுக் கடனாயினும், கையெழுத்திடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: குறைந்தது எங்கே போய்ச் சேருகிறது? முதலோடு சேருகிறது என்று விடை வந்தால், பேனாவை மூடிவிட்டுக் காகிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படியுங்கள்.